‘கொன்று’ என்னும் எச்சம்



காவலர் கைத் துப்பாக்கியையும் பொதுமக்கள் போராட்டத்தையும் பற்றி இலக்கிய மேடையில் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். ஐயம் வேண்டியதில்லை. தமிழின் முதற்பெருங்காப்பியமே ஒரு காவலாணையில்தான் திருப்பம் கொள்கிறது. பாண்டியன் அரண்மனையில் அன்று நடந்தது விசாரணை அன்று; ஊடல் தணிக்கத் தேவியின் கோயிலுக்கு விரைந்துகொண்டிருந்த அரசன், வழியில் காலில் விழுந்த பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டு, நின்ற நிலையில் காவலரை அழைத்து இட்ட ஆணை அது. அந்த ஆணையில் ‘கொன்று’ என்னும் ஒரு சொல் வருகிறது. ‘கொல்ல’ என்று சொல்ல நினைத்த மன்னன், வினை முற்றிய காலமாதலின் நாப்பிறழ்ந்து ‘கொன்று’ என்று சொல்லிவிட்டான் என்று பழைய உரை அமைதி கூறும்.

இதை உரைகாரரின் சமாதானம் என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம். பாண்டியனைக் காப்பாற்றும் முயற்சி அதில் இருப்பதும் உண்மையே. ஆயினும் இலக்கணம் கற்பிப்போர்க்கு இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ‘கொல்ல’ என்பது செய என்னும் வாய்பாட்டு எச்சம். செயல் இனிமேல்தான் நிகழவேண்டும். ‘கொன்று’ என்பது செய்து என்னும் வாய்பாட்டு எச்சம். செயல் முன்னரே முடிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விசாரணைக்கு உரிய கால இடைவெளி. அந்த இடைவெளி மறைந்ததில் கோவலன் உயிர் போயிற்று.

கொலைக்களக் காதையில் அடுத்து வருவது, பொதுவாக வகுப்பறைகளில் விரைந்து கடக்கப்படும் பகுதி. காவலர் உடனே வெட்டிவிடவில்லை. கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் அவர்களை எள்ளி நகைத்து, கள்வர்க்குத் துணையாகும் மந்திரம், தெய்வம், மருந்து முதலான எட்டையும் அடுக்குகிறான். ஓர் இளைஞன் தான் முன்பு எதிர்ப்பட்ட கள்வன் ஒருவனின் கதையைச் சொல்லி அச்சத்தை வளர்க்கிறான். செய்யாவிட்டால் அரசன் தண்டிப்பான், என்ன செய்யலாம் என்று குழம்புகின்றனர். அந்தக் குழப்பத்தின் நடுவே, கல்வியறிவற்ற களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். தயக்கம், தூண்டுதல், வதந்தி, மேலிடத்து அச்சம், பயிற்சியற்ற ஒரு கை. ஒரு துப்பாக்கிச் சூட்டைப் பற்றி எந்த நாட்டு விசாரணை ஆணையம் எழுதினாலும், அதன் அறிக்கையில் இவ்வைந்தில் மூன்றேனும் இடம்பெறாமல் இராது.

இனிப் புதுவைக்கு வரலாம். 1936 சூலை 30. இந்நகரில் பிறந்து வளர்ந்தோர்க்கு இந்த நாளை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. சவானா ஆலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சிந்திய அரசின் ஆயுதம் தாங்கியோர் சுட்டதில் பன்னிருவர் மாண்டனர். ஆண்டுதோறும் மாலை சூட்டப்படுகிறது, மேடை போடப்படுகிறது. ஆனால் அந்நாளைச் சுற்றிய காலக் கணக்கு மேடைகளில் பெரிதும் பேசப்படுவதில்லை.

அதே ஆண்டு சூன் மாதம் பிரான்சில் லியோன் புளும் தலைமையில் மக்கள் முன்னணி அரசு பொறுப்பேற்றிருந்தது. அந்நாட்டுத் தொழிலாளர் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். சூன் 7ஆம் நாள் இரவு மத்தீஞோன் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அம்மாதத்திலேயே வாரத்துக்கு 40 மணி நேர வேலையும், ஊதியத்துடன் இரண்டு வார விடுமுறையும் சட்டமாயின. பாரிசில் இந்த மை உலர்ந்து இரண்டு மாதம் ஆகவில்லை. அதே மூவண்ணக் கொடி பறந்த புதுவையில், அதே முறையில் ஆலைக்குள் அமர்ந்த தொழிலாளர்க்குக் கிடைத்தது குண்டு. சட்டம் கடல் கடக்கவில்லை. துப்பாக்கி கடந்தது.

அவர்கள் கேட்டது என்ன? ரோடியர், சவானா, கெப்ளே என்று மூன்று பெரும் ஆலைகள் இந்நகரில் இருந்தன. 1935 பிப்ரவரியிலேயே சவானாவில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று; வேலைநேரக் குறைப்பு, பெண்களுக்கு இரவு வேலை ஒழிப்பு, சிறுவர் உழைப்புத் தடை, கூலி உயர்வு என்பன அப்போதைய கோரிக்கைகள். எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் இந்தியாவில், 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு 54 மணி என்று வரம்பு கட்டியிருந்தது. சமத்துவம், சகோதரத்துவம் என்று அரசு முத்திரையிலேயே பொறித்துக்கொண்ட ஆட்சியின் கீழ் வாழ்ந்தவன், ஏகாதிபத்தியம் என்று தூற்றப்பட்ட அண்டை ஆட்சியில் இருந்த வரம்பையேனும் பெறப் போராட வேண்டியிருந்தது.

இன்னொரு தேதியும் அருகில் வைத்துப் பார்க்கத் தக்கது. பாரதிதாசன் புதுவையில் பிறந்தது 1891 ஏப்ரல் 29. அதற்கு இரண்டு நாள் கழித்து, மே முதல் நாளன்று, வட பிரான்சில் ஃபூர்மி என்னும் நெசவாலை நகரில் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர் ஊர்வலம் போயினர். காலையில் கைதானவர்களை விடுவிக்கக் கோரி மாலையில் கூடிய கூட்டத்தின்மீது படையினர் சுட்டனர். அப்போது புதிதாக வந்திருந்த லெபெல் துப்பாக்கி அது. ஒன்பது பேர் இறந்தனர். அவருள் ஒருத்தி பதினெட்டு வயது ஆலைப்பெண் மரியா புளோந்தோ. பின்னர்ச் சிறை சென்றவர்கள் சுட்டவர்கள் அல்லர். தூண்டிப் பேசினார் என்று தண்டிக்கப்பட்டவர் கார்ல் மார்க்சின் மருமகன் பால் லஃபார்க். அவரை அதே ஆண்டு லீல் தொகுதி மக்கள் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்து வெளியே கொண்டுவந்தனர் என்பது வேறு.

ஆக, எட்டு மணி நேரம் என்ற கோரிக்கைக்குப் பிரெஞ்சு அரசு தன் சொந்த மக்களுக்குத் தந்த விடையை நாற்பத்தைந்து ஆண்டு கழித்துத் தன் குடியேற்றத்துக்கும் தந்தது. இரண்டும் நூல் நூற்கும் ஊர்கள். மூன்றாவதாக மான்செஸ்டரையும் சேர்க்கலாம். 1819 ஆகஸ்டு 16 அன்று வாக்குரிமை கேட்டுச் செயின்ட் பீட்டர் திடலில் திரண்ட பெருங்கூட்டத்துக்குள் குதிரைப்படை வாளுடன் புகுந்தது. வாட்டர்லூப் போரில் வென்ற நாட்டைக் குத்திக்காட்ட, செய்தித்தாள் ஒன்று அதற்குப் ‘பீட்டர்லூ’ என்று பெயர் சூட்டிற்று. அந்தப் பெயர் நின்றுவிட்டது. இத்தாலியில் இருந்த ஷெல்லி செய்தி கேட்டுப் பாட்டெழுதி அனுப்பினார். இதழாசிரியர் லீ ஹண்ட் அச்சிட அஞ்சினார். பாட்டு வெளிவந்தது 1832இல். ஷெல்லி இறந்து பத்தாண்டு ஆகியிருந்தது. ஒரு நிகழ்ச்சிக்குப் பெயரிடுவதும், எழுதியதை அச்சேற்றுவதும் கூட அரசின் வலிமைக்கு எதிரே நடக்கும் செயல்கள் என்பதைக் கவிஞர் பெருமக்கள் கருத வேண்டும்.

புதுவையில் சிந்திய குருதி வீண்போகவில்லை என்று மரபாகச் சொல்வதுண்டு. அது அணிமொழி அன்று, ஆவணம் உண்டு. 1936 அக்டோபரில் நேரு புதுவைக்கு வந்தார். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா 1937இல் பாரிசு சென்று முறையிட்டார். 1937 ஏப்ரல் 6ஆம் நாள் ஆணை, தொழிற்சங்க உரிமையையும் வேலைநேர வரம்பையும் பிரெஞ்சிந்தியாவுக்கு வழங்கிற்று. எட்டு மணி நேர வேலை ஆசியாவிலேயே முதலில் இங்குத்தான் என்று மேடைகளில் முழங்குவர். முதலா இரண்டாவதா என்ற போட்டியில் என்ன இருக்கிறது? ஆணை எட்டு மாதத்தில் வந்தது என்றால், சூலை 30க்கு முன்னரே வந்திருக்கலாம் என்பதுதானே பொருள்? அந்தக் கேள்விதான் முழக்கத்தைவிடக் கனமானது. கொடுக்க முடியாதது ஒன்றையும் அவர்கள் கேட்கவில்லை.

இனி மொழிக்கு வருவோர்க்கு ஒரு செய்தி. ‘துப்பாக்கி’ என்ற சொல் துருக்கிய மூலத்திலிருந்து பல வாய் கடந்து தமிழுக்கு வந்தது. அதற்கு நெடுங்காலம் முன்னரே இதே ஒலியில் ஒரு சொல் திருக்குறளில், வான்சிறப்பில் இருக்கிறது. அங்கு அது உணவாக்கி என்று பொருள்படும். மாணவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். சிரிப்புக்கு அப்பால், மழையின் தொழிலாக இருந்த ஒரு சொல்லொலி எங்கு வந்து சேர்ந்துவிட்டது என்று எண்ணத் தோன்றுகிறது.

அந்தத் துப்பாக்கி வெடித்ததும் நாளிதழ் எழுதும் தொடரைக் கவனியுங்கள். ‘துப்பாக்கிச் சூடு நடந்தது.’ மழை பெய்தது, தேர் ஓடியது என்பதைப் போல. சற்று முறையாக எழுதினால் ‘நடத்தப்பட்டது’. செயப்பாட்டு வினையில் எழுவாய் ஒளிந்துகொள்ளும். ‘கலவரத்தில் இறந்தனர்’ என்பது அதனினும் நயமான மறைப்பு. கலவரம் கொல்லாது, கொன்றது ஒருவர் விரல். ‘தற்காப்புக்காக’, ‘வேறு வழியின்றி’, ‘நிலைமை கட்டுக்குள் வந்தது’ என்று இத்தொடர்களுக்கு ஒரு சந்தமே உண்டாகிவிட்டது. பயிற்சியுள்ள செவி அதைக் கேட்டதும் விழித்துக்கொள்ள வேண்டும்.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளலாம். 2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாம் நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி மக்கள் போயினர். காவல் துறை சுட்டதில் 13 பேர் இறந்தனர். வாகனத்தின் மேல் ஏறி நின்று, சீருடையின்றிக் குறிபார்த்த காவலரின் காட்சியை நாடே கண்டது. சுட ஆணையிட்டவர்கள் துணை வட்டாட்சியர் நிலையில் இருந்தோர் என்று முதல் தகவல் அறிக்கை கூறிற்று. பேரூர் ஒன்றின் நடுவே, உயர் அலுவலர் பலர் இருக்க, ஆணையிட்ட பொறுப்பு ஒரு துணை வட்டாட்சியரின் தோளில் வந்து அமர்கிறது. நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுடுவதற்கு வேண்டிய தூண்டுதல் இல்லை என்றும், ஓடிக்கொண்டிருந்தவர்களும் சுடப்பட்டனர் என்றும் அது கூறியது. மாவட்ட ஆட்சியர்மீதும் காவல் அலுவலர் பலர்மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அந்த அறிக்கையைக் கவிஞர்கள் படிக்க வேண்டும். கவிதைக்குரிய சொல் அதில் இராது; எழுவாய் இருக்கும்.

வானத்தை நோக்கிச் சுட்டால் தீங்கில்லை என்பதும் ஒரு நம்பிக்கை. தமிழறிஞர் அவைகளுக்கு அதை மறுக்கும் சான்று தம் வரலாற்றிலேயே உண்டு. 1974 சனவரி 10 இரவு, யாழ்ப்பாணத்தில் நான்காம் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவுக் கூட்டம். வீரசிங்கம் மண்டபத்துக்கு வெளியே அறிஞரின் பேச்சைக் கேட்க மக்கள் அமர்ந்திருந்தனர். காவலர் கூட்டத்தைக் கலைக்கப் புகுந்தனர். மேல்நோக்கிச் சுட்டதில் மின்கம்பி அறுந்து விழுந்தது. ஒன்பதுக்குக் குறையாத உயிர்கள் போயின. இலக்கியம் கேட்க வந்து இறந்தவர்கள் அவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129ஆம் பிரிவில் இருந்தது. 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவுக்கு வந்திருக்கிறது. நிருவாக நடுவரோ காவல் நிலையப் பொறுப்பு அலுவலரோ, அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவலரோ கலைந்து போக ஆணையிடலாம். கலையாவிட்டால் வலிமையைப் பயன்படுத்தலாம். படையினரை அழைக்கும் அடுத்த பிரிவில்தான், கூட்டத்தைக் கலைக்கப் போதுமான அளவுக்கு மிகாமல், கூடியவரை குறைந்த வலிமையும் குறைந்த தீங்குமே செய்ய வேண்டும் என்ற வாசகம் உள்ளது. காவலரைக் குறித்த பிரிவில் அவ்வாசகம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளும் காவல் நிலை ஆணைகளுமே அந்தக் குறையை நிரப்புகின்றன. போர்க்களத்துக்குப் பழகியவனுக்கு எழுதிவைத்த அறிவுரையை, தெருவில் நாள்தோறும் நிற்பவனுக்கு எழுதாமல் விட்டது வியப்பே. நன்னம்பிக்கையில் செய்த செயலுக்காக அவர்கள்மீது வழக்குத் தொடுக்க அரசின் ஒப்புதலும் வேண்டும். 1990இல் அவானாவில் ஐக்கிய நாடுகளின் மாநாடு ஏற்ற நெறிகள், உயிரைக் காக்க முற்றிலும் தவிர்க்க முடியாதபோது மட்டுமே உயிர் பறிக்கும் நோக்கில் துப்பாக்கியைப் பயன்படுத்தலாம் என்று வரையறுத்தன. திருவள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார்: வெருவந்த செய்யாமை. தண்டிக்கத் தொடங்கும்போது கடுமை காட்டலாம், முடிக்கும்போது மென்மை வேண்டும் என்பது அங்கு அவர் அரசனுக்குச் சொல்லும் கருத்து. குறைந்த அளவு வலிமை என்று இன்றைய சட்ட மொழி கூறுவதும் இதுவே.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு சொல். ஜாலியன்வாலா பாகில் 1919 ஏப்ரல் 13 அன்று செலவான தோட்டா 1,650 என்று துல்லியமாகத் தெரியும். இறந்தோர் தொகையோ அரசுக் கணக்கில் 379. காங்கிரசுக் கணக்கில் ஏறத்தாழ ஆயிரம். ஈயத்துக்குக் கணக்கு இருந்தது, உடலுக்கு இல்லை. அமெரிக்காவில் காவலர் துப்பாக்கியால் இறப்போரை அரசு முழுமையாக எண்ணாததால், ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் 2015 முதல் தானே எண்ணத் தொடங்கிற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் என்று தெரியவந்தது. அங்கு 1791ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே ஆயுதம் குடிமகனின் உரிமை. எதிரில் வருபவன் இடுப்பில் துப்பாக்கி இருக்கலாம் என்ற அச்சம் காவலர்க்கும், காவலர் சுடக்கூடும் என்ற அச்சம் மக்களுக்கும் அங்கு வளர்ந்துகொண்டே போகின்றன.

தமிழ்நாட்டிலும் புதுவையிலும் துப்பாக்கி வீட்டுப் பொருள் அன்று. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரின் கையிலிருந்து அதைப் பறித்தது, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கை நீக்கிற்று, உரிமத்தை வைத்துக்கொண்டது. அது நல்ல முடிவே. எனினும் தனிமனிதர் துப்பாக்கியின் வரலாற்றிலும் புதுவைக்கு இடமுண்டு. 1910இல் இங்கு வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர், வாஞ்சிநாதனுக்குச் சுடப் பயிற்றுவித்தார். 1911 சூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டு இறந்தார். வாஞ்சியும் தன்னைச் சுட்டுக்கொண்டார். ‘குளத்தங்கரை அரசமரம்’ என்னும் சிறுகதையை எழுதிய கையும் ஐயருடையதே. தனியொருவன் துப்பாக்கியின் வீரத்தைப் பாடுவது எளிது; அதனால் பாட்டுகளும் மிகுதி. சூலை 30 தொழிலாளர் கையில் துப்பாக்கி இல்லை. ஆலையை நிறுத்தி உட்கார்ந்தவர்கள் அவர்கள். உட்கார்ந்திருப்பவனைப் பாடும் உத்தி தமிழ்க் கவிதையில் இன்னும் முழுமையாகக் கைவரவில்லை.

வீட்டில் இல்லாத துப்பாக்கி திரையரங்கில் இருக்கிறது. ‘காக்க காக்க’ 2003இல் வந்தபோது, விசாரணையின்றிச் சுடும் காவல் அலுவலர் நாயகனாகிக் கைதட்டல் பெற்றார். ‘என்கவுன்ட்டர்’ என்ற சொல்லுக்குத் தமிழே தேவைப்படாத அளவுக்கு அது வீட்டுச் சொல்லாயிற்று. ‘விசாரணை’யும் ‘ஜெய் பீம்’மும் பின்னர் மறுபக்கத்தைக் காட்டின, ஆயினும் கைதட்டல் இன்னும் முதல் வகைக்கே மிகுதி. ஒரு குற்றவாளி சுடப்பட்டால் இனிப்பு வழங்கும் கூட்டம்தான், தன் பிள்ளை ஊர்வலத்தில் சுடப்படும்போது சட்டத்தைத் தேடுகிறது. இரண்டும் ஒரே துப்பாக்கி என்று சொல்ல எழுத்தாளரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

காவலரின் தரப்பைப் பேசாமல் இவ்வுரை முழுமை பெறாது. கல் வந்து விழும் இடத்தில் நிற்பவருக்கு உயிர் ஒன்றுதான். முதல் நாள் இரவுக் காவல், மறுநாள் ஊர்வலப் பாதுகாப்பு, அதன்பின் அமைச்சர் வருகை என்று நீளும் பணியில் அவருக்கு எட்டு மணி நேரக் கணக்கு இல்லை. 1966ஆம் ஆண்டுக் காவற்படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர் சங்கம் அமைப்பதையும் கட்டுப்படுத்துகிறது. எந்த உரிமைகளுக்காகச் சவானாவில் பன்னிருவர் இறந்தார்களோ, அவ்விரண்டும் இல்லாத ஒரே தொழிலாளி இன்று காவலர்தான் என்று சொன்னால் மிகை ஆகாது. புதுவைக் காவலர் தலையில் இன்றும் பிரெஞ்சுக் காலத்துச் சிவப்புத் தொப்பி இருக்கிறது. சுற்றுலாப் பயணியர் அதைப் படம் எடுத்துப் போகின்றனர். அத்தொப்பியின் கீழ் இருப்பவரின் வேலைநேரத்தைப் பற்றிக் கேட்போர் இல்லை. இந்நகரின் தெருக்கள் ‘சொல்தா’க்களின் வீடுகளைக் கண்டவை. பிரெஞ்சுப் படையில் பணிசெய்து ஓய்வூதியம் பெற்ற குடும்பங்களும், ஆலைக்குப் போன குடும்பங்களும் ஒரே கிணற்றில் நீர் எடுத்தவையே. களைத்தவன், பயிற்சி குறைந்தவன், மேலிடத்துக்கு அஞ்சுபவன் கையில் கொடுக்கப்படும் துப்பாக்கி, கொலைக்களக் காதையின் களிமகன் கை வாள்தான். இது அவன் செய்ததை மன்னிக்கச் சொன்னது அன்று. அவன் கையில் கொடுத்தவரையும் எழுவாயாக்கச் சொன்னது.

போராடுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. பேருந்தின் கண்ணாடியை உடைப்பவன், கூட்டத்தின் பின்னால் நிற்கும் முதியவளின் நெஞ்சைத் துப்பாக்கிக்குக் காட்டிக்கொடுக்கிறான். கண்ணகியைப் போராட்டத்தின் திருவுருவமாகக் கொள்வோர் அவள் செய்தவற்றின் வரிசையை மறந்துவிடுகின்றனர். முதலில் வாயிற்காவலனிடம் சொல்லி அனுப்பினாள். அவைக்குள் வந்தாள். சான்று காட்டி வழக்குரைத்தாள். அரசன் தன் பிழையை உணர்ந்து உயிர்விட்ட பின்னரே தீ வருகிறது. அந்தத் தீயை நியாயப்படுத்த இளங்கோவடிகளுக்கே யார் யாரை விலக்கி எரிக்க வேண்டும் என்றொரு பட்டியல் வேண்டியிருந்தது. தீயைப் பாடுவோர் வழக்குரை காதையையும் ஒருமுறை பாடிப் பார்க்கலாம்.

இனிக் கவிஞர்களிடம் நேராக ஒரு வேண்டுகோள். சூலை 30ஐ ஒட்டிய கவியரங்குகளில் அடிக்கடி ஒலிப்பவை குருதிச் சிவப்பு, செங்கதிர், சிங்கக் கூட்டம், வெடித்த எரிமலை என்னும் உருவகங்கள். இவற்றை எந்த ஊரின் எந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கும் பொருத்திவிடலாம், பொருத்தியும் விடுகிறார்கள். சவானாவுக்கு மட்டும் உரிய சொல் எங்கே? பஞ்சுத் தூசு படிந்த மூச்சு, ஆலைச் சங்கு, இரவு வேலை முடிந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க வீட்டுக்கு ஓடும் பெண், பத்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே அவளுக்குக் கிடைக்கவிருந்த இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் என்ன செய்திருப்பாள் என்று ஒரு கவிதை எழுதிவிட்டால், பன்னிருவர் எதற்காக இறந்தார்கள் என்பது புரிந்துவிடும். எரிமலை வேண்டியிராது.

ஆலைகள் இன்று ஓடவில்லை. 1898இல் ரோடியர் ஆலையாகத் தொடங்கிய ஏ.எஃப்.டி. 2020இல் முறையாக மூடப்பட்டது. சங்கு ஊதுவதைக் கேட்டு எழுந்த தலைமுறையினர் இன்னும் சிலர் இருக்கின்றனர். இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் ஏதேனும் ஒன்றைச் செய்ய எண்ணினால், அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளலாம்: தறியின் பெயர், பிரிவின் பெயர், மேற்பார்வையாளரை அழைத்த முறை, கூலி நாளில் தெருவில் விற்ற பண்டம், சுடப்பட்ட நாளைப் பற்றித் தாத்தாவும் பாட்டியும் சொன்னது. சொன்னவர் வாய்மொழியிலேயே, திருத்தாமல்.

கொலைக்களக் காதையில், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று சொன்ன அந்தக் காவலர்களுக்குப் பெயர் இல்லை. அவர்கள் சொன்னதை மற்றவன் கேட்டிருந்தால் காப்பியம் வேறாகியிருக்கும். அடுத்த சூலை 30 கவியரங்குக்குத் தலைப்புத் தேடுவோர் அவர்களை எடுத்துக்கொள்ளலாம்.